மலைமிதிவண்டியின் எஃகுச் சட்டம்

முறிந்த மிதிவண்டிச் சட்டமொன்று பட்டறைக்கு வருங்கால், முன்னர் அதனை ஒட்டிக்கொடுத்தவர் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றே. "வெல்டிங் விடவில்லை, தம்பி, பக்கத்திலே குழாய்தான் விட்டது" என்பர். அவர் கூறுவது மெய்யே. ஒட்டிய இடம் உறுதியாய் நிற்க, அதற்கு ஒரு விரற்கடை அப்பால் குழாய் அறுந்து கிடக்கும். இதனைத் தம் கைத்திறனுக்குச் சான்றாகவே அவர் காட்டுவர். ஆயின் வண்டியின்மேல் இருந்தவனுக்கு எது விட்டால் என்? அவன் வீழ்ந்தது வீழ்ந்ததே. பற்றவைப்பின் உறுதி வேறு, சட்டத்தின் உறுதி வேறு. ஒட்டின் பக்கமே ஏன் முறிகின்றது, அதனைக் காத்துக்கொள்ளும் வழி யாது என்பவற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஆரணி பட்டு நெசவால் பெயர்பெற்ற ஊர் என்பதனைப் பலரும் அறிவர். அரிசி ஆலைகளும் அங்கு மிகுதி. தறிக்கு வேண்டும் இரும்புறுப்பு, ஆலைக்கு வேண்டும் சல்லடைச் சட்டம், வீட்டுக்கு வேண்டும் வாயிற்கதவு ஆகியவற்றைச் செய்துதரும் பட்டறைகள் பல உள. எனவே இரும்பை ஒட்டத் தெரிந்த கைகளுக்கு அவ்வூரிற் குறைவில்லை. மேற்கே ஜவ்வாது மலை நிற்கின்றது. போளூர் வழியே ஜமுனாமரத்தூருக்கு மிதிவண்டியில் ஏறிச்சென்று வர விழையும் இளைஞரும் உளர். உறுதியான மலைமிதிவண்டி விலை மிக்கது; மலிவாய் வருவதோ பெயரளவிலும் தடித்த சக்கரத்தளவிலும் மட்டுமே மலைமிதிவண்டி. ஆதலின் சட்டத்தை நாமே நம்மூர்ப் பட்டறையிற் செய்துகொண்டால் என்ன என்னும் வினா எழுதல் இயல்பு. செய்யலாம் என்பதே எம் கருத்து. ஆனால் வாயிற்கதவு செய்யும் முறையிற் செய்தலாகாது. கதவு விட்டுப்போனால் மீண்டும் ஒட்டலாம். மலையிறக்கத்தில் சட்டம் விட்டுப்போனால் ஒட்டவேண்டியது எலும்பாகும்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இரும்புப் பட்டறையில் என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். 1853-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆர்க்காடு மிஷனார் முன்னாளில் ஆரணியிலே கைத்தொழிற் பள்ளியொன்றும் நடத்தினர். யாத்திராகமத்திற் பெசலெயேலுக்குக் கொடுக்கப்பட்ட ஞானம் உலோக வேலையையும் நெசவையும் ஒருங்கே தழுவியது. நகைப்போர்க்கு இவ்வளவே விடை.

நிற்க. மலைமிதிவண்டி என்னும் இனமே பெரிய ஆலையிற் பிறந்ததன்று. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் மாரின் என்னும் மாவட்டத்து இளைஞர் சிலர், 1970-களில், 1930, 40-களிற் செய்யப்பட்ட ஷ்வின் என்னும் பழைய தடித்த மிதிவண்டிகளைத் தேடியெடுத்து மலைச்சரிவுகளில் ஓட்டினர். 1976 அக்டோபர் 21-இல் சார்லி கெல்லி என்பார் முதற் பந்தயத்தை நடத்தினார். அவ்விறக்கத்திற்கு 'ரீபேக்' என்று பெயர். ஒரே ஓட்டத்திற் பின்சக்கர ஹப்பிலுள்ள தடையின் கிரீஸ் வெந்து புகைந்துபோக, மீண்டும் கிரீஸ் அடைக்கவேண்டி வந்தமையால் அப்பெயர் வாய்த்தது. அவர்கள் அப்பழைய வண்டிகளை விரும்பியதற்கு விலை மட்டும் காரணமன்று. அவற்றின் முன் தலைக்குழாய் நன்கு சாய்ந்திருக்கும். இறக்கத்தில் வண்டி குப்புறச் சாயாது நேரே ஓடும். நம் பாட்டனார் காலத்துக் கறுப்பு நிற ஹெர்க்குலிஸ், ராலே வண்டிகளிலும் அச்சாய்வு உண்டு. நிலத்தோடு அவை காட்டும் கோணம் 70 பாகைக்கும் குறைவே. இக்காலத்து விலைமிக்க மலைமிதிவண்டிகள் ஏறக்குறைய அவ்விடத்திற்கே திரும்பி வந்துள்ளமை வியப்பைத் தருவதாம்.

பழைய சட்டங்கள் அம்மலையிறக்கத்தைத் தாங்கவில்லை, வளைந்தன, முறிந்தன. ஆகவே 1977-இல் ஜோ பிரீஸ் என்னும் இளைஞர் குரோம்-மாலிப்டினக் கலப்பு எஃகுக் குழாயால், மலைக்கென்றே புதிதாக ஒரு சட்டம் செய்தார். தலைக்குழாயிலிருந்து பின்சக்கர அச்சுவரை இருபுறமும் மெல்லிய குழாய் ஒவ்வொன்றை மிகுதியாக ஓட்டி அதனை உறுதிப்படுத்தினார். அடுத்த ஆண்டுக்குள் இத்தகைய பத்து வண்டிகளை முடித்தார். அவற்றுள் முதலாவது இன்று வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையில் உள்ளது. 1979-இல் கெல்லியும் கேரி பிஷரும் மலைமிதிவண்டி விற்கத் தொடங்கியபோது, அவர்களுக்குச் சட்டம் செய்து கொடுத்தவர் டாம் ரிட்சி. அவர் 1972-இல், பதினாறு வயதளவிலேயே, மிதிவண்டிச் சட்டம் செய்யத் தொடங்கியவர்.

இனிச் சட்டத்தின் அமைப்பை நோக்குவோம். 1885-இல் இங்கிலாந்தின் காவென்டரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்னும் மிதிவண்டியை வெளியிட்டபின், சில ஆண்டுகளுக்குள் இன்று நாம் காணும் சாய்சதுர வடிவம் நிலைபெற்றது. முன்னே குட்டையான தலைக்குழாய். அதிலிருந்து இருக்கைக்குச் செல்வது மேற்குழாய். மிதிகட்டை சுழலும் பிராக்கெட்டுக்குச் செல்வது கீழ்க்குழாய். இருக்கையையும் பிராக்கெட்டையும் இணைப்பது இருக்கைக் குழாய். பின்னே பின்சக்கரத்தைப் பற்றும் இரண்டிணை மெல்லிய குழாய்கள். முன்சக்கரம் கல்லில் மோதினால் போர்க்கின் நுனி பின்னோக்கித் தள்ளப்படும். போர்க்கு ஒரு நெம்புகோலாகித் தலைக்குழாயைத் திருக முயலும். அப்போது மேற்குழாய் இழுக்கப்படும், கீழ்க்குழாய் நெருக்கப்படும். ஆகவே முன்மோதலில் அடிபட்ட சட்டங்களைப் பார்த்தால், தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னே கீழ்க்குழாயின் அடிப்புறம் மடிந்திருக்கும். அஃது ஒட்டுக்கு மிக அருகில் உள்ள இடம் என்பதனை மறவாதிருத்தல் வேண்டும்.

குழாய் தடித்திருந்தால் உறுதி என்பது பொதுமக்கள் எண்ணம். அதில் ஒரு பாதியே உண்மை. சுவர்த்தடிப்பை இரு மடங்காக்கினால் எடை இரட்டிக்கும். வளையாமல் நிற்கும் விறைப்பும் ஏறக்குறைய இரட்டிக்கும். சுவரை அவ்வாறே விட்டுக் குழாயின் விட்டத்தை இரு மடங்காக்கினாலும் எடை இரட்டிக்கும். ஆனால் விறைப்போ ஏறக்குறைய எட்டு மடங்காகும். மூங்கில் உட்கூடாய் அகன்று வளர்வதன் பயன் இதுவே. மேலும் ஒன்று: சாதாரண எஃகும் விலைமிக்க கலப்பு எஃகும் விறைப்பில் ஏறத்தாழ ஒத்தவை. கலப்பு எஃகின் சிறப்பு முறியாமல் தாங்கும் வலிமையில் உள்ளது. ஆகவே அதனை மெல்லிய சுவருடைய அகன்ற குழாயாகப் பயன்படுத்தலாம். மலைமிதிவண்டிக்கு 28.6 மி.மீ., 31.8 மி.மீ., 34.9 மி.மீ. என்னும் விட்டங்கள் பெரிதும் வழங்குவன.

மெல்லிய குழாயை ஒட்டினால் ஒட்டருகில் அது கெடும். தடித்த குழாயைக் கொண்டால் வண்டி கனக்கும். இவ்விடர்ப்பாட்டினை 1897-இல் பர்மிங்காம் நகரத்து ஆணி செய்யும் குடும்பத்தவரான ஆல்பிரட் ரேனால்ட்ஸ் தீர்த்தார். வெளிவிட்டம் மாறாமல், இரு முனைகளிலும் சுவர் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் குழாயை இழுக்கும் முறைக்கு அவர் உரிமைப் பட்டயம் பெற்றார். முனையில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. என்பது போன்ற அளவுகளில் அத்தகைய குழாய்கள் இன்றும் விற்கப்படுகின்றன. சட்டம் எங்கே முறியும் என்பதனை அறிந்தவர் செய்த குழாய் அது. இதனை வாங்குவோர் நீளத்திற்குத் தக்கபடி இரு முனையையும் எண்ணி வெட்டவேண்டும். ஒரு முனையிலேயே மிகுதியாய் வெட்டினால் தடித்த பகுதி போய், மெலிந்த பகுதியில் ஒட்டு வந்து அமையும்.

நன்று, ஒட்டின் பக்கம் ஏன் கெடுகின்றது? காரணம் மூன்று. முதலாவது, சாதாரண இரும்புக் குழாயைப் பற்றியது. குளிர்ந்த நிலையில் அச்சில் இழுத்துச் செய்யப்படும் குழாய் அவ்விழுப்பினாலேயே ஒரு வலிமை பெறுகின்றது. பற்றவைப்பின் வெப்பம் பட்ட வளையத்தில் அவ்வலிமை நீங்கிவிடும். அவ்விடம் ஒட்டைவிடவும் எஞ்சிய குழாயைவிடவும் மென்மையாகும். இரண்டாவது, குரோம்-மாலிப்டின எஃகைப் பற்றியது. இதன் கேடு அதற்கு நேர்மாறானது. சிவக்கக் காய்ந்தபின் விரைந்து குளிர்ந்தால் இது கண்ணாடிபோற் கடினமாகி நொறுங்கும் தன்மை பெறும். கொல்லர் அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுப்பதும் இவ்வியல்பு பற்றியே. அரிவாளின் வாய்க்கு அது நன்மை. அசைந்து கொடுத்து நிற்கவேண்டிய சட்டத்திற்கோ தீமை. பட்டறைகளில் ஒட்டு முடிந்தவுடன், கையால் தொடவேண்டும் என்னும் அவசரத்தால், தண்ணீர் ஊற்றும் வழக்கம் உண்டு. கதவுக்கு அதனால் பெருங்கேடு வாராது. இவ்வெஃகுக்கு அஃது ஆகாது. காற்றும் வீசாத இடத்தில் தானே ஆறவிடவேண்டும். மூன்றாவது காரணம் வடிவம் பற்றியது. ஒட்டின் மேடு குழாயில் திடீரென முடியும் ஓரத்தில் விசை வந்து குவியும். அவ்வோரத்தில் மயிரிழைப் பள்ளம் இருந்தாலும் வெடிப்பு அங்கிருந்தே தொடங்கும். ஒருநாட் சுமையால் அன்று, பல்லாயிரமுறை மிதித்த மிதியால் அது வளரும். ஐ.எஸ்.ஓ. 4210 என்னும் உலக நியமம் மிதிவண்டிச் சட்டத்தை 1,00,000 முறை மிதிவிசை கொடுத்துச் சோதிக்கச் சொல்வது இது கருதியே.

எனவே, ஒட்டும் முறைகளுள் எது பக்கத்தைக் குறைவாகக் கெடுக்கும் என்று தேர்தலே அறிவுடைமை. நம்மூர்ப் பட்டறைகளில் மிகுதியாக வழங்கும் குச்சிப் பற்றவைப்பு, தடித்த இரும்புக்கு ஏற்றது. ஒரு மி.மீ. சுவரில் அது துளை போடும். அன்றி, ஓரத்திற் பள்ளம் பறிக்கும். இதற்கு அதனை விலக்குக. பழைய முறை, பித்தளையால் இணைப்பது. பொற்கொல்லர் பொடிவைத்து ஊதுவதனையே பெரிய அளவிற் செய்வதென்று கொள்க. எஃகு உருகுவது ஏறக்குறைய 1500 பாகையில். பித்தளைக் கம்பி 900 பாகையளவில் உருகி ஓடும். எஃகு உருகுவதில்லை. முட்டிக் கூடுகளுள் குழாய்களைச் செருகிப் பித்தளை பாய்ச்சும் இம்முறையிலேதான் நம் நாட்டுக் கறுப்பு வண்டிகள் காலங்காலமாய் உருவாயின. 1949-இல் முருகப்பா குடும்பத்தார் ஆங்கில நிறுவனமொன்றோடு கூடி அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையை இங்கு நினைவு கூரலாம். முட்டிக் கூடின்றி, மூட்டைச் சுற்றிப் பித்தளையை வழவழப்பான வளைவாகப் படியவிடுவதும் உண்டு. ரிட்சி செய்தது அவ்வாறே. மேடு படிப்படியாய்த் தாழ்ந்து குழாயோடு கலத்தலின் விசை குவிவதற்கு இடமில்லை. பொறுமையுள்ளவர்க்கு இதுவே சிறந்ததென்பது எம் துணிபு.

மற்றொன்று டிக் பற்றவைப்பு. உருகாத டங்ஸ்டன் முனைக்கும் எஃகுக்கும் இடையே மின்சுடர் எழும். ஆர்கான் வாயு அதனைச் சூழ்ந்து காற்றுப் படாமற் காக்கும். நிரப்புக் கம்பியை மற்றொரு கையால் ஊட்டவேண்டும். 1941-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க விமானத் தொழிலுக்கென வளர்ந்த முறை இது. எஃகு உருகினும், வெப்பம் சிறிய இடத்திலேயே நிற்றலின் கெடும் வளையம் குறுகியது. அலுமினியம் இவ்வகையில் வீட்டுவேலைக்கு உதவாது. வழக்கமான அலுமினியச் சட்டத்தைப் பற்றவைத்தபின் முழுவதும் உலையிலிட்டுப் பக்குவப்படுத்தினாலன்றி வலிமை மீளாது.

செய்முறையை இனிச் சொல்வோம். ஆரணி நெசவாளர் முந்தானையிற் பூ எடுக்குமுன் கட்டத்தாளிற் புள்ளி வைத்து வரைவதுபோல, சட்டத்தை முழு அளவில் ஒரு பலகைமேல் வரைந்துகொள்ளவேண்டும். எந்தப் போர்க்கு, எவ்வளவு பெரிய சக்கரம் என்று முன்னரே துணிந்து, அவற்றை வைத்து வரைதல் வேண்டும். சட்டம் செய்தபின் போர்க்கை மாற்றினால் கோணங்கள் யாவும் மாறும். பின்சக்கர ஹப்பின் அகலம் 135 மி.மீ. ஆ, 148 மி.மீ. ஆ என்பதும் அப்போதே தெரியவேண்டும். போர்க்கை மட்டும் எவரும் வீட்டிற் செய்ய முற்படவேண்டா. சட்டம் முறியுமுன் பெரும்பாலும் கீச்சிட்டும் வெடிப்புக் காட்டியும் எச்சரிக்கும். போர்க்கு முறிந்தால் எண்ணுமுன்னே முகம் தரையில் இருக்கும். சோதித்து விற்கப்படும் போர்க்கை வாங்குக.

ஒரு குழாய் மற்றொன்றின் வளைவிற் பொருந்துமாறு அதன் முனையை மீன்வாய் போலக் குடையவேண்டும். குழாயைச் சுற்றிய தாளிற் கோடு வரைந்து, வாளால் அறுத்து, அரைவட்ட அரத்தால் ராவுக. வெயிலிற் பிடித்துப் பார்த்தால் இடுக்கில் ஒளி தெரியலாகாது. ஒரு தாளும் நுழையலாகாது. இடுக்கு இருந்தால் அதனை நிரப்ப உலோகம் மிகுதியாக வேண்டும். உலோகம் மிகின் வெப்பம் மிகும். வெப்பம் மிகின் பக்கம் கெடும். ஒரு மணி நேர அரவேலை பிற்காலத்து முறிவொன்றைத் தடுக்கும். யாம் கண்ட பட்டறைகளில் அரம் பிடிப்பதற்குச் சோம்பி, கம்பியால் நிரப்பிவிடுவதே பெருவழக்கு. கதவுப் பழக்கம் என்று யாம் சொல்வது இதுவே.

ஒவ்வொரு மூட்டிலும், அடைபடும் குழாய்க்குள்ளிருந்து சூடான காற்று வெளியேற ஒரு சிறு துளை இடுக. இல்லையேல் கடைசி இடுக்கை மூடும்போது உள்ளே பெருகிய காற்று உருகிய உலோகத்தைத் துப்பிவிடும். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயை எடுத்து வருவாரும் உளர். அதனை ஒட்டும்போது எழும் வெண்புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும், விலக்குக. குழாயின் எண்ணெயைப் போக்கக் குளோரின் கலந்த துடைப்பு மருந்துகளை வழங்கவும் ஆகாது. மின்சுடரின் முன் அவை போஸ்ஜீன் என்னும் நச்சுவாயுவாக மாறக்கூடும். முதல் உலகப்போரில் ஆயுதமாக வழங்கிய வாயு அது. சுடரை வெறுங்கண்ணாற் பார்த்தோர்க்கு அன்றிரவு கண்ணில் மணல் கொட்டியதுபோல் இருக்கும். பட்டறைச் சிறுவர்க்கு முகக்கவசம் கொடாது, கையை மறைப்பாகப் பிடித்துப் பார்க்கவிடும் வழக்கம் ஒழியவேண்டும்.

சமதளமான கருங்கற் பலகைமேல், கோண இரும்புத் துண்டுகளாற் குழாய்களை அசையாமற் பிடித்துவைத்து, முதலில் மூட்டுக்கு மூன்று நான்கு இடங்களிற் புள்ளியாக மட்டும் பற்றவைக்க. உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கித் தன் பக்கமாகக் குழாயை இழுக்கும். ஆகவே முழுப் பற்றையும் ஒரே சுற்றாக ஓட்டலாகாது. வலத்தே கால் பங்கு, பின் இடத்தே கால் பங்கு, பின் மேல், பின் கீழ் என மாறிமாறி இட்டு, இடையிடையே ஆறவிட்டு முடித்தல் வேண்டும். ஒரு மூட்டு ஆறும்போது வேறொரு மூட்டிற்குச் செல்க.

புள்ளி வைத்தபின்னும், முழுப்பற்று முடிந்தபின்னும் நேர்மை பார்ப்பதற்கு ஆரணியில் விலையின்றிக் கிடைக்கும் கருவியொன்று உண்டு. அது பாவிலிருந்து எடுத்த முறுக்கிழை. பின்சக்கர அச்சுச் செருகும் இடப்பக்கத் தகட்டில் இழையைக் கட்டி, முன்னே கொணர்ந்து தலைக்குழாயைச் சுற்றி, மீண்டும் வலப்பக்கத் தகட்டிற் கட்டி இறுக்குக. இப்போது இருக்கைக் குழாய்க்கு இருபுறமும் இரண்டு இழைகள் ஓடும். குழாய்க்கும் இழைக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளக்க. இரண்டும் ஒத்தால் பின்சக்கரம் நடுவில் நிற்கும். ஒவ்வாவிடின் பின்பகுதி ஒருபுறம் சாய்ந்துள்ளது. பருத்தி நூலைவிடப் பட்டிழை மெல்லியதும், இறுக்கினால் தொய்யாததும் ஆதலின், அரை மி.மீ. வேறுபாடும் கண்ணுக்குப் புலனாகும். பாவில் ஓரிழை தளர்ந்தாலும் துணியிற் கண்டுபிடிக்கும் கண்கள் அவ்வூரில் ஆயிரம் உண்டு. பின்னர்ச் சட்டத்தின் முன்னே நின்று, தலைக்குழாயும் இருக்கைக் குழாயும் ஒன்றையொன்று மறைத்து நேராய் நிற்கின்றனவா என்று ஒற்றைக்கண்ணால் நோக்குக. சிறு கோணலாயின் எஃகைக் குளிர்ந்த நிலையிலேயே மெல்ல வளைத்துத் திருத்தலாம். அலுமினியத்தில் அத்துணிவு கொள்ளலாகாது.

பற்றவைப்பின் வெப்பத்தால் பிராக்கெட்டுக் குழலும் தலைக்குழாயும் சற்றே வட்டம் மாறியிருக்கும். லேத் பட்டறையில் மரையையும் முகப்பையும் மீண்டும் சீர்செய்துகொள்க. பிராக்கெட்டின் வலப்பக்கத்து மரை இடஞ்சுழி என்பதனை முன்னரே சொல்லிவைத்தல் நலம். மறந்து வலஞ்சுழியாக வெட்டிவிட்டால் வேறு குழல்தான் வாங்கவேண்டும். குழாயின் உட்புறத்திற் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை ஊற்றிச் சுழற்றி வடித்துவிட்டால் மழைக்காலத்துத் துரு அடங்கும். அதன்பின் வண்ணம் பூசுக. வெளிர்நிறமே தக்கது, கறுப்பில் வெடிப்புத் தெரியாது.

முடிந்த சட்டத்தை உடனே மலைக்குக் கொண்டுபோகாமல், ஊர்ப்புறத்துச் சமநிலச் சாலையிற் சில நாள் ஓட்டுக. ஒவ்வொரு நாளும் இறங்கியபின் ஐந்து இடங்களைத் துடைத்துப் பார்க்க: தலைக்குழாய்க்குப் பின்னே கீழ்க்குழாயின் அடிப்புறம், அதற்கு நேர்மேலே மேற்குழாய், பிராக்கெட்டின் இருபக்கம், இருக்கைக் குழாயின் மேன்முனை, தடைக்கருவி பிடித்த இடப்பக்கத்துப் பின்குழாய். பற்றின்மேலன்று, பற்றின் ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை வரையே பார்க்கவேண்டும். வண்ணத்தில் மெல்லிய கோடோ, கோட்டில் துருவின் செந்நிறமோ தோன்றினால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி, வண்ணத்தைச் சுரண்டிப் பார்க்க. ஒன்றும் தோன்றாவிடின், போளூர்ச் சாலையில் ஏறலாம்.